கோணிய கதவும் நிமிரும்



ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் நம் வீடுகளில் ஒரு முணுமுணுப்பும் தொடங்கிவிடும். "இந்த அலமாரிக் கதவு சாத்தவே மாட்டேங்குது!" மேல் மூலை பொருந்தினால் கீழ் மூலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நாம் முழங்கையால் ஓங்கித் தள்ளுகிறோம். அதற்கும் மசியாவிட்டால், இழைப்புளி போட்டு ஓரத்தைச் சீவச் சொல்கிறோம். மழையில் சீவிய கதவு சித்திரை வெயிலில் சுருங்கி, கரப்பான் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு நிற்கும்.

விவரம் தெரிந்த தச்சர் முதலில் இழைப்புளியைத் தொடமாட்டார். கீல் தளர்ந்திருக்கிறதா, திருகாணி கழன்றிருக்கிறதா என்று பார்ப்பார். சில வேளை கோணல் கதவில் இல்லை. அதைத் தாங்கும் சட்டத்தில் இருக்கும். அதன்பிறகே கதவைக் கழற்றி, நேரான கட்டை ஒன்றைக் குறுக்கே வைத்து, எந்தப் பக்கம் குழிந்திருக்கிறது என்று கண்டுகொள்வார்.

மரம் ஏன் வளைகிறது? அறுத்துப் பல ஆண்டுகள் ஆன பின்னும் அது காற்றின் ஈரத்தை வாங்கும், விடும். வாங்கினால் உப்பும், விட்டால் சுருங்கும். இரு பக்கமும் ஒரே அளவில் உப்பினால் பெரிய தொல்லை இல்லை. ஆனால் விருந்தாளி பார்க்கும் வெளிப்பக்கத்துக்கு மட்டும் இரண்டு கை வார்னிஷ் அடித்துவிட்டு, உள்பக்கத்தை அப்படியே விட்டுவிடுவது நம் வழக்கம். பூசாத பக்கம் ஈரம் குடித்து உப்புகிறது. பூசிய பக்கம் அதனோடு சேர்ந்து விரிய முடிவதில்லை. கதவு வளைந்துபோகிறது.

திட மரக் கதவுக்கு வைத்தியம் பொறுமையானது. குழிந்த பக்கத்தின் பழைய பூச்சைத் தேய்த்தெடுத்து, அங்கே ஈரத்துணி விரித்து, புடைத்த பக்கத்தை இளவெயிலுக்குக் காட்டுவார்கள். மெல்ல நிமிர்ந்ததும் சமதளத்தில் கிடத்திப் பாரம் வைத்து, நன்றாகக் காயும்வரை சில நாள் விட்டுவிடுவார்கள். பிறகு இரு பக்கத்துக்கும், எல்லா விளிம்புகளுக்கும் ஒரே அளவு பூச்சு.

அன்பானவர்களே, நம் வீட்டிலும் சாத்த முடியாத கதவாக ஒருவர் இருக்கலாம். முகம் கொடுத்துப் பேசாத மகன். எதற்கெடுத்தாலும் எரிந்துவிழும் அப்பா. சொத்துத் தகராறில் வாசல் மிதிக்காத தங்கை. கடுஞ்சொல்லால் தள்ளிப் பார்க்கிறோம், சீவிப் பார்க்கிறோம். சீவியது திரும்ப ஒட்டாது. கோணல் அவரிடமா, அவரைத் தாங்க வேண்டிய நம்மிடமா? அவருடைய எந்தப் பக்கம் வறண்டு கிடக்கிறது? மகனுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினோம், மதிப்பெண் விசாரித்தோம். அவன் இரவில் ஏன் தூங்குவதில்லை என்று கேட்டோமா?

நாசரேத்து மக்கள் ஆண்டவரைத் தச்சராகவே அறிந்திருந்தனர் என்று மாற்கு நற்செய்தி 6ஆம் அதிகாரம் காட்டுகிறது. மரத்தின் குணம் அறிந்த கைகள் அவை. ஊரே வெறுத்த சக்கேயுவை அவர் கடிந்து பேசிச் சீவவில்லை. பெயர் சொல்லி அழைத்தார். அவர் வீட்டுக்கே போய்த் தங்கினார். வறண்ட பக்கம் நனைந்தது. சக்கேயு தாமாகவே நிமிர்ந்தார்.

இந்த வாரம் அந்த ஒருவருக்கு, குறை எதுவும் சொல்லாமல், ஒரு வேளை சோறு பரிமாறி அருகில் உட்காருவோம். ஒரே நாளில் நிமிராது. காத்திருப்போம். நாசரேத்துத் தச்சர் நம் கைகளுக்கும் அந்தப் பொறுமையைத் தருவாராக. ஆமென்.