மூத்தோரும் மாறிய சொற்செயலியும்

(வட்டத்தின் திங்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கவிதையன்றி வேறெதுவும் பேசப்படாத இந்த அவையில், கணிப்பொறியைப் பற்றி ஓர் உரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது நான் தயங்கினேன். பிறகு, நம் மூத்த கவிஞர் ஒருவருக்கு நேர்ந்ததை நினைத்துக்கொண்டேன். அதைச் சொல்ல அவரே இசைவு தந்தார். பெயரை மட்டும் விட்டுவிடச் சொன்னார். இந்த அவையில் பெயரை மறைத்து என்ன பயன் என்று நான் கேட்டதற்குச் சிரித்துக்கொண்டார்.

அவர் இளமையில் தட்டச்சு மேல்நிலைத் தேர்வு எழுதித் தேறியவர். 2004 முதல் தம் கவிதைகளையெல்லாம் வேர்டு 2003 என்னும் சொற்செயலியில், பாமினி எழுத்துருவில் தாமே அடித்து வந்தார். பாமினியின் விசையமைப்பு பெரும்பாலும் பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் அமைப்பை ஒட்டியது. ஆகவே அவருடைய விரல்கள் புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை. 2017 ஐப்பசி மழையில் ஒரு மின்னலோடு அந்தக் கணிப்பொறி ஓய்ந்தது. மகன் புதியது வாங்கி வைத்தார். விண்டோஸ் 10, வேர்டு 2016. அதன்பின் நான்கு திங்கள் ஐயாவிடமிருந்து வட்டத்துக்கு ஒரு கவிதையும் வரவில்லை.

ஒரு மாலையில் நான் அவர் வீட்டுக்குச் சென்றேன். மருமகள் காப்பி வைத்துவிட்டு உள்ளே போகும்வரை காத்திருந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: “தம்பி, எனக்கு மறதி நோய் தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன். கடல் என்று அடிக்கிறேன். குடல் என்று விழுகிறது. மெய் என்று அடித்தால் மேய் என்கிறது. நேற்றுப் பகை புகையாகிவிட்டது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எந்த மருத்துவரைப் பார்க்கலாம்?”

விளையாட்டாகச் சொல்லவில்லை. நான்கு திங்களாக அந்த அச்சத்தோடு தனியே இருந்திருக்கிறார். எழுதுவதை நிறுத்தியதும் அதனால்தான். இனி அடித்தால் இன்னொரு சான்று கிடைத்துவிடுமே என்ற பயம்.

காரணம் வேறு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கணிப்பொறி தமிழை அறியாது. கடல் என்று நாம் அடிக்கும்போது அது ஆங்கிலச் சிற்றெழுத்துகளான எஃப், எல், ஒய், அதன்பின் ஓர் அரைப்புள்ளி ஆகியவற்றையே பதிந்துகொள்கிறது. அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுப்பது எழுத்துருவின் வேலை. சொற்செயலியோ, தன் முன் ஆங்கிலம் இருப்பதாக எண்ணி, தொடரின் முதலெழுத்தைப் பேரெழுத்தாக மாற்றிவிடுகிறது. சிற்றெழுத்து எஃப் என்பது ‘க’. பேரெழுத்து எஃப் என்பது ‘கு’. கடல் குடலாவது இப்படித்தான். ஒற்றைக் கொம்பு என்னும் விசை, சிற்றெழுத்து என்; பேரெழுத்தானால் இரட்டைக் கொம்பு. மெய் மேயத் தொடங்குகிறது. அகரத்தில் தொடங்கினால் ஆகாரமாகிறது. ‘தமிழ்’ என்று தொடங்கினால் ‘துமிழ்’ என்று நிற்கும்; இதைப் பழைய துண்டறிக்கைகளில் நம்மில் பலர் பார்த்திருப்போம்.

உரைநடை எழுதுபவருக்கு இது ஒரு தொடருக்கு ஒருமுறை நேரும். கவிஞர் ஒவ்வோர் அடிக்கும் புதுவரி தொடங்குகிறவர். சொற்செயலி ஒவ்வோர் அடியையும் புதிய பத்தியாகவே கொள்ளும். ஆகவே அடிதோறும் பிழை. எதுகை மோனை பார்ப்பவருக்கு அடியின் முதற்சீரிலேயே இடி விழுந்தால் எப்படியிருக்கும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பழைய பொறியில் இந்த வசதியை யாரோ முன்பே அணைத்து வைத்திருக்கிறார்கள். ஐயாவுக்கு அது தெரியாது. புதிய பொறியில் அது விழித்துக்கொண்டது. நான் அவரையே மீண்டும் கடல் என்று அடிக்கச் சொன்னேன். இடைவெளி விசையைத் தொட்டதும் குடல் ஆயிற்று. உடனே கண்ட்ரோல் விசையோடு இசட் விசையை அழுத்தச் சொன்னேன். அவர் அடித்த கடல் அப்படியே திரும்பி வந்தது. “ஐயா, உங்கள் விரல் சரியாகத்தான் அடித்தது, பின்னால் நின்று திருத்தியது இது” என்றேன். அவர் எதுவும் பேசவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அணைக்கலாம் என்றால், அடுத்த இடர். வேர்டு 2003-இல் திரையின் மேலே 9 பட்டிகள் இருந்தன. அவற்றுள் ‘டூல்ஸ்’ என்பதைத் திறந்தால் ஆட்டோகரெக்ட் அங்கேயே இருந்தது. 2007-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அந்தப் பட்டிகளை அறவே எடுத்துவிட்டு, ரிப்பன் எனப்படும் அகன்ற நாடாவை வைத்தது. இப்போது அதே இடத்துக்குப் போக ஃபைல், ஆப்ஷன்ஸ், புரூஃபிங், பிறகு ஆட்டோகரெக்ட் என்று நான்கு வாயில் கடக்க வேண்டும்.

மாற்றியவர்களிடமும் நியாயம் இல்லாமல் இல்லை. 1989-இல் விண்டோஸுக்கான முதல் வேர்டு வெளிவந்தபோது கருவிப்பட்டைகள் இரண்டோ என்னவோ. 2003-இல் 30-க்கு மேல். மக்கள் புதிதாகக் கேட்ட வசதிகளில் பல ஏற்கெனவே உள்ளே இருந்தன, யாருக்கும் கண்ணில் படவில்லை என்பதை வடிவமைப்பாளர்கள் கண்டார்கள். புதிதாக வருபவனுக்கு நாடா எளிது என்பதே என் எண்ணமும். ஆனால் பழையதில் கைதேர்ந்தவருக்குத் தேர்ச்சியே தடையாகிறது. 20 ஆண்டுகள் குடியிருந்த வீட்டில் இருட்டிலும் தண்ணீர்ப் பானையைத் தொட்டுவிடலாம். பானையை ஒருவர் இடம் மாற்றிவிட்டு, “உங்களுக்குக் கண் தெரியவில்லை” என்று சொன்னால் எப்படி? முதியோரின் திணறலை முதுமையின் கணக்கில் எழுதிவிடுவது நமக்கு எளிதாக இருக்கிறது. அவர்களும் அதை நம்பிவிடுகிறார்கள்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் நான் சுட்டியை அவர் கையிலிருந்து வாங்கி, அரை நிமிடத்தில் எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டேன். மறுநாள் காலை தொலைபேசி: “தம்பி, கவிதை போய்விட்டது. பக்கம் முழுதும் வேறேதோ நிற்கிறது.” கவிதை எங்கும் போகவில்லை. ஃபைல் என்பதை அழுத்தினால் இப்போது ஒரு சிறு பட்டி தொங்குவதில்லை. தாள் முழுவதையும் மறைத்துக்கொண்டு வேறொரு திரை வந்து நிற்கும். இடப்பக்க மேல் மூலையிலுள்ள அம்புக்குறியையோ எஸ்கேப் விசையையோ அழுத்தினால் தாள் திரும்பும். நான் செய்ததை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் பார்த்தது கண், கை கற்கவில்லை.

இரண்டாம் முறை என் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். அவரே செய்தார். ஒரு மாலைக்கு ஒரு செய்தி மட்டும். மாறாதவற்றிலிருந்து தொடங்கினோம்: கண்ட்ரோலோடு எஸ் அழுத்தினால் சேமிப்பு, சி படியெடுப்பு, வி ஒட்டல், இசட் செய்ததை மீட்டல்; இவை பழையபடியே இருக்கின்றன என்று அறிந்ததும் முகம் தெளிந்தது. புதிய தாளை முதன்முதல் சேமிக்கும்போதும் அந்தப் பெரிய திரை குறுக்கிட்டது. எஃப்12 விசை பழைய சிறுபெட்டியையே கொண்டுவரும் என்று காட்டினேன். அன்றாடம் வேண்டிய ஐந்து குறிகளைத் திரையின் உச்சியிலுள்ள சிறிய பட்டையில் அவரே பொறுக்கி வைத்தார். நாடாவின் தலைப்பை இருமுறை சொடுக்கினால் அது சுருங்கிவிடும். வெள்ளைத்தாள் மட்டும் மிஞ்சும். அது அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

படிகளை ஓர் அட்டையில் எழுதித் தரலாம் என்று நான் முனைந்தபோது, தாமே எழுதுவதாகச் சொல்லிவிட்டார். எழுத்துரு தேர்வதற்கு ‘உடை மாற்று’ என்றும், மீட்டலுக்கு ‘சொன்னதை வாபஸ் வாங்கு’ என்றும் பெயரிட்டிருக்கிறார். நான் அடித்துத் தந்திருந்தால் அந்த அட்டை மேசைக்குள் போயிருக்கும்.

எல்லோரும் நாடாவோடு போராட வேண்டும் என்பதுமில்லை. விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் இன்றும் பட்டிகள் பழைய முறையிலேயே தோன்றுகின்றன. நம் வட்டத்தில் ஓர் அம்மையார் அதற்கு மாறி நிறைவாக இருக்கிறார்.

பிறகு ஒருங்குறிக்கு வந்தோம். அதில் ‘க’ என்பது கணிப்பொறிக்கும் ‘க’ தான். தமிழில் பேரெழுத்து இல்லையாதலால் அந்தத் திருத்தல் தொல்லையும் இல்லை. என்எச்எம் ரைட்டர் என்னும் மென்பொருளில் பாமினி விசையமைப்பிலேயே ஒருங்குறியில் அடிக்க முடிந்தது. விரல்களைக் கலைக்க நேரவில்லை. தமிழ்99 சிறந்த அமைப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. அதை 78 வயதில் ஒருவர்மேல் சுமத்த எனக்கு மனம் வரவில்லை.

பழைய கவிதைகளையும் ஒருங்குறிக்கு மாற்றினோம். மாற்றியில் ஓர் எச்சரிக்கை உண்டு. பிழையாகப் பதிந்திருப்பது பிழையாகவே மாறும். குடல் மீண்டும் கடலாகாது. ஆகவே புதிய பொறியில் அடித்துக் கைவிட்டிருந்தவற்றை அடியடியாக அவரே பார்த்துத் திருத்தினார். ஓரிடத்தில் மட்டும் பகை புகையானதை அப்படியே விட்டுவிட்டார். கேட்டதற்கு, “அது நன்றாக இருக்கிறது, தம்பி” என்றார். அந்தக் கவிதை வட்டத்தில் படிக்கப்பட்டபோது நீங்களெல்லாம் கைதட்டினீர்கள்.

பழைய எழுத்துருக்களில் கவிதை வைத்திருப்போர் நம்மிடையே இன்னும் பலர் இருக்கிறீர்கள். திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறதே என்று எதையும் அழித்துவிட வேண்டாம். அடுத்த கூட்டத்துக்குக் கோப்புகளைக் கொண்டு வாருங்கள்; பழைய பொறி இயங்குமானால் அதிலுள்ள எழுத்துருவையும் சேர்த்து எடுத்து வாருங்கள். உடன் அமர்ந்து பார்க்க இளையவர் மூவர் முன்வந்திருக்கிறார்கள். சுட்டியைத் தொடக்கூடாது என்று அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.