மழுங்கிய போல்ட்டும் காய்க்காத அத்திமரமும்



தவக்காலத்தின் 3ஆம் ஞாயிறான இன்று, லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் வரும் காய்க்காத அத்திமரத்தின் உவமையைக் கேட்கிறோம். மூன்று ஆண்டுகளாகக் கனி தேடி வந்து ஏமாந்த உரிமையாளர் மரத்தை வெட்டச் சொல்கிறார். தோட்டக்காரரோ இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். வெறும் தவணை அல்ல. சுற்றிலும் கொத்தி எருப்போடுவதாகவும் சொல்கிறார். இந்தத் தோட்டக்காரரை நாங்கள் இரண்டு வாரத்துக்கு முன் பூந்தமல்லிப் பக்கம் ஒரு லாரி பட்டறையில் சந்தித்தோம்.

எங்கள் பங்கு இருக்கும் சென்னையின் மேற்குப் புறநகர், நட்டும் போல்ட்டுமாய் வளர்ந்த ஊர். அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது 1964இல். மறு ஆண்டே ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 1966இல் பாடியில் சுந்தரம் பாசனர்ஸ். உங்களில் பலர் இந்த இரும்பால் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள். ஆகவே பட்டறைச் செய்தியில் நாங்கள் தவறாக ஏதும் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பங்கில் அண்ணன், தம்பி இருவர். அப்பா விட்டுச்சென்றது ஒரு பழைய லாரி. அதன் வருமானத்தில் தன் பங்கு வரவில்லை என்று தம்பி மனம் கசந்து ஆவடிக்குக் குடிபோனார். ஆறு ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. அண்ணன் அந்த லாரியை எஃப்.சி.க்குத் தயார் செய்ய விட்டிருந்த பட்டறைக்குத்தான் அவரைப் பார்க்கப் போயிருந்தோம்.

போனபோது அங்கே ஒரே சத்தம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை எஞ்சின் ஹெட்டோடு பிடித்திருக்கும் போல்ட் ஒன்று துருவேறி இறுகியிருந்தது. வேலை பழகும் பையன் ஸ்பானரில் நீளமாக ஒரு பைப்பை மாட்டி முழு உடம்பையும் போட்டு இழுத்திருக்கிறான். பைப் நீளமானால் விசை பெருகும். ஆனால் ஸ்பானரின் பிடி பெருகாது. போல்ட்டின் ஆறு மூலையும் வழுக்கி, தலை உருண்டையாகிவிட்டது.

மேஸ்திரி ஒரு பெரியவர். எல்லாரும் பாய் என்று அழைக்கிறார்கள். அவருக்கும் அது நோன்புக் காலம். தண்ணீர்கூடத் தொடாதவர், எங்களுக்கு மட்டும் டீ வரவழைத்தார். "ஆறு மூலையும் போச்சு ஃபாதர். இனிமே எதப் புடிச்சித் திருப்புறது?" என்றார்.

வெட்டிவிட முடியாதா என்று கேட்டோம். வெட்டி எறிகிற போல்ட்டும் உண்டு என்றார். கமான் பட்டையின் யு-போல்ட் நட்டு என்றால் கேஸ் வைத்து அறுத்துவிட்டுப் புதிது போடலாம். இது எஞ்சினுக்குள் மரை இறங்கிய போல்ட். முறிந்து உள்ளே நின்றுவிட்டால் ஹெட்டையே இறக்கித் துளைபோட வேண்டும். துளை கொஞ்சம் விலகினாலும் மரை கெட்டது.

பிறகு அவர் செய்ததை உட்கார்ந்து பார்த்தோம். போல்ட்டைச் சுற்றிக் கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்தார். மரைக்குள் இறங்கும் எண்ணெயை விட்டு, சிறு சுத்தியலால் தலைமேல் மெதுவாகத் தட்டினார். மறுபடி எண்ணெய். "நாளைக்கு வாங்க" என்று எழுந்துவிட்டார். துரு, தான் பிறந்த இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். மரைக்குள் அது ஆப்பு மாதிரி இறுகி நிற்கிறது, எண்ணெய் ஊறி இறங்க ஓர் இரவாவது வேண்டும் என்று விளக்கினார்.

மறுநாளும் போனோம். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, மழுங்கிய தலைமேல் ஒரு புது நட்டை வைத்து வெல்டிங் அடித்தார். பிடிக்க மீண்டும் ஆறு மூலை கிடைத்தது. அந்தச் சூட்டில் போல்ட் விரிந்து, ஆறும்போது சுருங்கி, துருவின் பிடியும் விட்டுப்போகிறதாம். சூடு தணியுமுன் ஒரு மெழுகுவர்த்தியை அதன் ஓரத்தில் தேய்த்தார். உருகிய மெழுகை மரை உள்ளே இழுத்துக்கொண்டது. "இது உங்க கோயில்ல நிறைய இருக்குமே ஃபாதர்!" என்று சிரித்தார். அதன்பின்னும் ஒரே மூச்சில் கழற்றவில்லை. முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு நூலளவு, பிறகு தளர்த்துகிற பக்கம் ஒரு நூலளவு. கால் மணி நேரம் இப்படியே. ஒரு சின்னக் கிறீச்சொலி கேட்டது. அப்புறம் விரலாலேயே சுற்றி எடுத்தார்.

அன்பானவர்களே, அந்தப் பட்டறையில் எங்களுக்கு உறுத்தியதைச் சொல்லிவிடுகிறோம். சென்ற ஆண்டு பெரிய வியாழனன்று, பாதம் கழுவும் சடங்கு முடிந்ததும், அந்த அண்ணன் தம்பியை நாங்கள் பீடத்தின் முன் அழைத்தோம். முழுச் சபையும் பார்த்திருக்க, கைகுலுக்கச் சொன்னோம். குலுக்கினார்கள். மக்கள் கைதட்டினார்கள். அதற்குப் பின் தம்பி எங்கள் கோவிலுக்கு வரவே இல்லை. பைப் மாட்டி இழுத்தது நாங்கள்தான்.

அன்று மாலையே ஆவடிக்குப் போனோம். அண்ணனைப் பற்றிப் பேசவில்லை. அன்று எல்லார் முன்னிலையிலும் அவரை நிறுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டோம். தம்பி பதில் சொல்லவில்லை, காபி கொடுத்தார். ஆறாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் பள்ளிப் பாடத்தை வாசித்துக் காட்டினாள். நல்ல குரல். அன்பியத்தார் நடத்தும் சிலுவைப்பாதையில் ஒரு தலம் வாசிக்கிறாயா என்று கேட்டோம். அந்த வெள்ளிக்கிழமை எந்தத் தெருவில் என்பதையும் மறைக்காமல் தந்தையிடம் சொன்னோம்.

கடந்த வெள்ளி மாலை அவளை வண்டியில் அழைத்துவந்தார். தெருமுனையிலேயே நின்றுகொண்டார். ஆறாம் தலம், வெரோணிக்கா ஆண்டவரின் திருமுகத்தைத் துடைத்த தலம், பெரியப்பா வீட்டு வாசலில். பிள்ளை தடங்காமல் வாசித்தாள். முடிந்ததும் அண்ணன் உள்ளே போய் இரண்டு டம்ளர் நீர்மோர் கொண்டுவந்தார். ஒன்றை அவளிடம் கொடுத்தார். மற்றதையும் அவள் கையிலேயே கொடுத்து, தெருமுனையைக் காட்டினார். தம்பி வாங்கிக் குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தனுப்பினார்.

இன்னும் பேசவில்லை. அடுத்த வெள்ளி சிலுவைப்பாதை ஆவடியில், தம்பியின் தெருவில். அந்த இருவருக்காகவும் இந்த வாரம் ஓர் அருள்நிறை மரியே சொல்லுங்கள்.