ஊர் போனதும் மிட்வைஃப் மிஸ்ஸைத் தேடுங்கள்

(மீளக்குடியேறச் செல்லும் குடும்பங்களுக்குத் தெமட்டகொடையில் ஆற்றிய உரை)

சாமான் கட்டும் அவசரத்தில் இருக்கிறீர்கள். அதனால் ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

இங்கே இருந்த காலத்தில் மாநகரசபைக் கிளினிக்குக்குப் போய்வந்தீர்கள். ஊரில் கிளினிக் எங்கே, எந்தக் கிழமையில் நடக்கிறது என்று உங்களுக்கு இப்போது தெரியாது. அது தெரிந்தவர் உங்கள் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது நாங்கள் மிட்வைஃப் மிஸ் என்று கூப்பிடுபவர். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையில் வளர்ந்த சேவை இது. வீடு தேடி வருவதுதான் அவருடைய வேலை. ஆனால் நீங்கள் வந்திருப்பது தெரிந்தால்தானே வருவார்? சுமார் 3,000 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு, நடைமுறையில் அதைவிடக் கூட. நேற்றுப் போட்ட உங்கள் கொட்டில் அவருடைய பதிவேட்டில் இராது. கிராம அலுவலரிடம் பதியப் போகும் அன்றே அவரை எங்கே காணலாம் என்று கேளுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் சொல்வார்கள்.

நானும் இந்த வேலை செய்தவள். ஒரு தாய் பிள்ளைக்கு ஒன்றரை வயதாகும்வரை கிளினிக் பக்கமே வரவில்லை. இடம்பெயரும்போது காட் தண்ணீரில் போய்விட்டதாம், ஏசுவார்கள் என்று பயம். சில இடங்களில் ஏசுவார்கள்தான். ஏச்சை வாங்கிக்கொண்டு ஊசியையும் போட்டுக்கொண்டு வாருங்கள். காட் தொலைந்தால் புதிது எழுதலாம். 2, 4, 6 மாத ஊசிகளில் ஒன்று தவறினாலும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். காசும் இல்லை.

கர்ப்பம் என்று சந்தேகம் வந்தால் 8 வாரத்துக்குள் பதியுங்கள். வீடு கட்டி முடியட்டும் என்று நிற்காதீர்கள். பிரசவமாகி வீடு வந்ததும் அவருக்குச் சொல்லி அனுப்புங்கள். முதல் 10 நாளுக்குள் வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பார். ஆனால் இரத்தம் போனால், கடும் தலையிடியோடு கண் மங்கினால், பிள்ளையின் துடிப்புக் குறைந்தால் அவரைக் காத்திருக்க வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரவென்றாலும்தான். மாமியார் விடியட்டும் என்பார், கேட்காதீர்கள்.

காட்டை உடுப்புப் பெட்டியில் போட்டு லொறியில் ஏற்றாமல் கைப்பையில் வையுங்கள். இப்போது கொண்டுவந்திருப்பவர்கள் மேசைக்கு வாருங்கள், அடுத்த ஊசித் திகதியைப் பார்த்து எழுதித் தருகிறேன்.