பள்ளிக்கூடத்திற்குப் பரீட்சை வையுங்கள்!

(பொன்மலையில் நடந்த பெற்றோர்கள் கூட்டமொன்றில் பேசியது)



மூன்று வயதுக் குழந்தையை மழலையர் பள்ளியில் சேர்ப்பதற்கு ஒரு கூட்டமா, அதற்கு ஒரு பிரசங்கமா என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். கல்யாணத்திற்குக் கூட்டம், கருமாதிக்குக் கூட்டம், தேர் இழுக்கக் கூட்டம் என்றெல்லாம் பழகிப் போன நமக்கு இது சற்று வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் நாம் சொல்லப் போவதைக் கேட்ட பிறகு இது வேடிக்கையா, விபரீதமா என்பதை நீங்களே முடிவு செய்து கொள்ளுங்கள்.

இன்றைய தினம் நாம் குழந்தையை எப்படிப் பள்ளியில் சேர்க்கிறோம்? முதலில் பஞ்சாங்கத்தைப் பார்க்கிறோம். விஜயதசமி என்றால் மிகவும் விசேஷம் என்கிறோம். தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பிக் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைக்கிறோம். பிறகு சம்பளம் எவ்வளவு, சீருடை என்ன நிறம், இங்கிலீஷில் பாட்டுச் சொல்லிக் கொடுப்பார்களா என்று விசாரிக்கிறோம். பள்ளிக்கூடத்தாரோ நம்மை இன்னும் நன்றாக விசாரிக்கிறார்கள். குழந்தைக்குப் பரீட்சை, தகப்பனாருக்குப் பரீட்சை, தாயார் என்ன படித்திருக்கிறார் என்று அவருக்கும் ஒரு பரீட்சை! நாமும் கையைக் கட்டிக் கொண்டு நின்று, "இடம் கொடுத்தீர்களே, அதுவே போதும்" என்று கும்பிட்டு விட்டு வருகிறோம். தோழர்களே! இவ்வளவு பேருக்குப் பரீட்சை வைக்கிற அந்தப் பள்ளிக்கூடத்திற்குப் பரீட்சை வைத்தவர் யார்? இந்த வீட்டிற்கு வாசல் எத்தனை, மாடிப்படி எத்தனை, தீப்பிடித்தால் குழந்தை எந்த வழியாக வெளியே வரும் என்று உங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்?

இது பொன்மலை. 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து இங்கு வந்து சேர்ந்த ரயில்வே ஒர்க்‌ஷாப்பினால் வளர்ந்த ஊர். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் அநேகர் அந்த ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்தவர்கள், அல்லது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். ஒரு வண்டியின் சக்கரத்தை நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள்? அந்நாளில் சுத்தியால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார்கள். இந்நாளில் கருவி வைத்துப் பார்க்கிறார்கள். சக்கரத்திற்குப் பூசியிருக்கும் வர்ணம் அழகாயிருக்கிறது என்று யாராவது வண்டியை வெளியே விட்டதுண்டா? நல்ல நாளில் செய்த சக்கரம், ஆகையால் விரிசல் இராது என்று எந்த மேஸ்திரியாவது எழுதிக் கொடுத்ததுண்டா? முன்பின் அறியாத பிரயாணிகளுக்காக இவ்வளவு ஜாக்கிரதையாயிருக்கும் மனிதன், தான் பெற்ற பிள்ளை விஷயத்தில் மட்டும் சுவரிலே எழுதியிருக்கிற மயிலையும் முயலையும் பார்த்து மயங்கிப் போகிறான் என்றால், இதைவிட ஆச்சரியம் வேறு என்ன இருக்க முடியும்?

நாம் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்லுகிறோம். 2004 ஜனவரி 23ஆம் தேதி, ஆற்றுக்கு அப்பால் நமது ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் தீப்பிடித்து, மாப்பிள்ளை உட்பட ஐம்பது பேருக்கு மேல் மாண்டு போனார்கள். அது நாளும் நேரமும் பாராமல் வைத்த கல்யாணமா? எல்லாம் பார்த்துத்தான் வைத்தார்கள். ஆனால் கீற்றுக்குக் கீழே மின்சாரக் கம்பியும் படம் பிடிக்கும் விளக்கும் இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி எந்தப் பஞ்சாங்கத்திலும் எழுதியிருக்கவில்லை. அதைக் கண்ணால்தான் பார்த்திருக்க வேண்டும்.

சரி, அந்தச் சாவு நமக்குப் பாடம் கற்பித்ததா? முழுதாக ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதே வருடம் ஜூலை 16ஆம் தேதி, இங்கிருந்து ரயிலேறினால் தஞ்சாவூருக்கு அப்பால் இருக்கிற கும்பகோணத்தில், காசிராமன் தெருப் பள்ளிக்கூடத்தில் தீப்பிடித்தது. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள். கீழே கீற்றுக் கொட்டகையில் சமையல். மேல் மாடியில் குழந்தைகளின் தலைக்கு மேலும் கீற்றுக் கூரை. இறங்குவதற்கோ குறுகலான மாடிப்படி. அடுப்பில் கிளம்பிய நெருப்பு கூரைக்கு ஏறிற்று. எரிந்த கூரை குழந்தைகள் மேலேயே விழுந்தது. தொண்ணூற்று நான்கு குழந்தைகள், தோழர்களே! காலையில் தலை சீவி, பொட்டு வைத்து, சோற்று டப்பாவும் கொடுத்து அனுப்பிய தாய்மார், மத்தியானத்தில் எது தன் பிள்ளை என்று அடையாளம் தெரியாமல் அலைந்தார்கள்.

இதற்கு என்ன சமாதானம் சொன்னார்கள்? "விதி" என்றார்கள். "அந்தக் குழந்தைகளுக்கு அவ்வளவுதான் ஆயுசு" என்றார்கள். நாம் கேட்கிறோம்: விதியா அங்கே கீற்று வேய்ந்தது? விதியா வகுப்புக்குக் கீழே அடுப்பு வைத்தது? மூன்று பள்ளியை ஒரே கட்டடத்தில் அடைத்தது ஒரு மனிதன். அதைப் பார்த்தும் பாராமலும் கையெழுத்துப் போட்டவர்கள் மனிதர்கள். அதனால்தான் 2014 ஜூலையில் தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்புச் சொல்லிற்று. எல்லாம் விதியென்றால் கோர்ட்டார் விதியையல்லவா கூண்டில் ஏற்றியிருக்க வேண்டும்? அந்தத் தீர்ப்பு வருவதற்கும் பத்து வருடம் ஆயிற்று. அன்று ஐந்து வயதில் செத்த குழந்தை இருந்திருந்தால் அதற்குப் பதினைந்து வயது ஆகியிருக்கும். ஆகவே நியாயம் பின்னால் வரும் என்று நம்பியிருக்க முடியாது. முன்னால் நாம்தான் பார்த்துக் கொள்ள வேண்டும்.

"அதற்குத்தான் சர்க்கார் இருக்கிறதே, சர்டிபிகேட் கொடுக்கிறார்களே" என்று சிலர் சொல்லலாம். நல்லதுதான். கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று என்று நான்கு இருக்கின்றன. கும்பகோணத்துச் சாவை முன்னிட்டு வந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் 2009 ஏப்ரலில், பிள்ளைகளுக்குள்ள கல்வி உரிமை என்பதில் பத்திரமான பள்ளிக்கூடத்தில் படிக்கும் உரிமையும் அடங்கியிருக்கிறது என்று தீர்ப்பளித்திருக்கிறது. அந்தச் சான்றுகளைக் காட்டுங்கள் என்று தாராளமாய்க் கேளுங்கள். தேதி கழிந்து போயிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் காகிதத்தைப் பார்த்ததோடு நின்று விடாதீர்கள். 2009 ஜூன் மாதம் மெக்சிகோ தேசத்தில் எர்மோசில்லோ என்ற ஊரில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் தீப்பிடித்து நாற்பத்தொன்பது குழந்தைகள் மாண்டு போயின. அந்தக் காப்பகமும் பரிசோதனையில் தேறியதுதான். அவசர வழி என்று பெயருக்கு இருந்த கதவு அவசரத்தில் திறக்கவில்லை. ஒருவர் தம் வண்டியைக் கொண்டு சுவரை இடித்துத்தான் வழி உண்டாக்க வேண்டியிருந்தது. காகிதத்தில் இருந்த கதவு குழந்தைகளுக்குப் பயன்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே, நீங்கள் போய் என்ன பார்க்க வேண்டும்? இதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. கண்ணும், காலும், கொஞ்சம் துணிவும் இருந்தால் போதும்.

முதலாவது, குழந்தை உட்காரும் இடத்திலிருந்து தெருவரையில் நீங்களே நடந்து பாருங்கள். கூடுமான வரையில் சிறு குழந்தைகள் தரைத் தளத்திலேயே இருக்க வேண்டும். வழி இரண்டு இருக்க வேண்டும். இரண்டும் திறந்திருக்க வேண்டும். நாம் ஒரு தடவை ஒரு நண்பரின் பேத்தியைச் சேர்ப்பதற்காக வேறோர் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்திற்குப் போயிருந்தோம். பின்பக்கத்துக் கதவு பூட்டியிருந்தது. ஏனென்று கேட்டோம். "குழந்தைகள் வெளியே ஓடிவிடாமலிருக்க" என்றார்கள். சாவி எங்கே என்றோம். "ஆயாவிடம் இருக்கிறது" என்றார்கள். ஆயா எங்கே என்றோம். "டீ வாங்கப் போயிருக்கிறாள்" என்றார்கள். குழந்தை ஓடிவிடக்கூடாது என்பது நியாயந்தான். ஆனால் நெருப்பு வந்தால் அது ஆயா டீ குடித்துவிட்டு வரும் வரையில் காத்திருக்குமா? உள்ளேயிருக்கும் பெரியவர் உடனே திறக்கும்படியான தாழ்ப்பாளைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்தால் இரண்டு காரியமும் ஆகிவிடும். இதை யோசிக்க ஒரு நிமிஷம் ஆகாது. யோசிக்காமல் எத்தனை வருடம் ஓட்டினார்களோ!

இரண்டாவது, மேலே பாருங்கள், கீழேயும் பாருங்கள். கூரை எதனால் ஆனது? சமையல் எங்கே நடக்கிறது? காஸ் சிலிண்டர் எங்கே இருக்கிறது? மின்சாரக் கம்பி குழந்தையின் கைக்கு எட்டுகிறதா? சுவரில் விரிசல் உண்டா? கக்கூஸ் சுவரையும் பாருங்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் கக்கூஸ் சுவர் இடிந்து மூன்று பையன்கள் இறந்தார்கள். தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தொட்டி, கிணறு ஆகியவற்றின் மூடியைக் காலால் மிதித்தே பாருங்கள். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஓர் எல்.கே.ஜி. குழந்தை பள்ளியின் கழிவுத் தொட்டிக்குள் விழுந்து இறந்தது. அதே வருடம் ஏப்ரலில் மதுரையில் ஒரு மழலையர் பள்ளியில் நான்கு வயதுக் குழந்தை தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்தது. ஒரு நல்ல மூடிக்கு என்ன விலை? குழந்தைக்கு என்ன விலை?

மூன்றாவது, வண்டி. 2012 ஜூலையில் தாம்பரத்திற்குப் பக்கத்தில், பள்ளிக்கூட பஸ்ஸின் அடித்தட்டிலிருந்த ஓட்டை வழியாக ஒரு பெண் குழந்தை கீழே விழுந்து, அதே பஸ்ஸின் சக்கரத்தில் சிக்கி இறந்தது. அதன் பிறகுதான் பள்ளி வண்டிகளுக்கென்று தனி விதிகள் வந்தன. பஸ்ஸோ ஆட்டோவோ, உள்ளே ஏறிப் பாருங்கள். வண்டிக்குத் தப்பும் சக்கரத்திற்கு விரிசலும் கண்டுபிடிக்கத் தெரிந்த பொன்மலைக்காரருக்கு இதை நாமா சொல்லிக் கொடுக்க வேண்டும்?

நான்காவது, ஆட்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. இருபது குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஒரு பராமரிப்பாளரும் இருக்க வேண்டுமென்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் நெறிமுறை சொல்லுகிறது. அங்கே எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். சாயங்காலம் யார் வந்து கேட்டாலும் குழந்தையைக் கொடுத்து விடுகிறார்களா, அடையாளம் பார்த்துக் கொடுக்கிறார்களா? கக்கூஸுக்கு யார் அழைத்துப் போகிறார்கள்? ஓட்டுநர், காவல்காரர் முதலியவர்களைப் பற்றி விசாரித்துத்தான் வேலைக்கு வைத்தார்களா? இதையெல்லாம் கேட்க வெட்கப்படாதீர்கள். வெட்கத்தினால் வாயை மூடிக் கொண்டதனாலேயே எத்தனையோ அயோக்கியர்கள் தப்பித்துக் கொண்டார்கள். 2012இல் ஏற்பட்ட போக்சோ சட்டப்படி குழந்தையிடம் தகாத விதமாய் நடப்பதும் குற்றம், தெரிந்தும் சொல்லாமல் மறைப்பதும் குற்றம். குழந்தை "அங்கே போகமாட்டேன்" என்று திடீரென்று அழுதால் உடனே அடித்து இழுத்துக் கொண்டு போகாதீர்கள். "திருஷ்டி பட்டுவிட்டது" என்று மந்திரிக்கவும் போகாதீர்கள். உட்கார வைத்து மெதுவாகக் கேளுங்கள். அது சொல்வதை நம்புங்கள். மோசமென்று தெரிந்தால் 1098 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். "நாலு அடி போட்டு வளருங்கள்" என்று வாத்தியாரிடம் சொல்லும் பழக்கத்தையும் விட்டு விடுங்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையையே அடிக்கக்கூடாதென்று 2009ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டம் சொல்லும்போது, மூன்று வயதுக் குழந்தையை அடிப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

"இதெல்லாம் பணக்காரர்கள் கேட்கலாம், நாம் கேட்டால் வெளியே போ என்பார்களே" என்று ஒரு தாயார் நம்மிடம் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. இந்நாட்டில் கேள்வி கேட்பதுகூட உயர்ந்தவர்களுடைய பாத்தியதை என்பதாகவே நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் கும்பகோணத்தில் செத்த பிள்ளைகளில் பெரும்பாலும் யார் வீட்டுப் பிள்ளைகள்? ஏழைகள் வீட்டுப் பிள்ளைகள். ஆதலால் கேட்க வேண்டிய அவசியம் மற்றவர்களைவிட நமக்குத்தான் அதிகம். தனியாளாய்க் கேட்டால் விரட்டுவார்கள். ஒரு தெருவிலுள்ள பத்துத் தாய்மார் சேர்ந்து போய்க் கேட்டால் நாற்காலி போடுவார்கள். சங்கம் வைத்துப் பழகிய பொன்மலைக்கு இது புதிதல்ல. தனியார் பள்ளியை மாத்திரமல்ல, தெருக்கோடி அங்கன்வாடியையும் இப்படியே போய்ப் பாருங்கள். அங்கே குறை இருந்தால் மனுக் கொடுத்துச் சரி செய்யச் சொல்லுங்கள். அது நம் வரிப்பணத்தில் நடப்பது.

நல்ல பள்ளிக்கூடத்தார் இதற்குக் கோபித்துக் கொள்ளமாட்டார்கள். "வாருங்கள், பாருங்கள்" என்பார்கள். கேள்வி கேட்டதற்காகவே கோபிக்கிறவர் எவரோ, அவருக்கு அப்போதே நீங்கள் மார்க்குப் போட்டு விடலாம். சேர்த்த பிறகும் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டொரு நாள் போய்ப் பாருங்கள்.

தோழர்களே! நாம் சொன்னதை நாம் சொன்னோம் என்பதற்காக ஏற்றுக் கொள்ள வேண்டியதில்லை. உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால், வருகிற திங்கட்கிழமை காலையில் குழந்தையைக் கொண்டு விடப் போகும்போது வாசலிலேயே திரும்பி வந்து விடாமல், உள்ளே போய் அந்தப் பின்கதவைத் தள்ளிப் பாருங்கள். திறக்கிறதா என்று பாருங்கள். அவ்வளவுதான் நாம் கேட்டுக் கொள்வது.