தீராத ஐயமும் தீர்க்கும் வழியும்
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விழா மேடையிலே நோயைப்பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். வெட்கத்தினால் வீட்டுக்குள் மறைக்கப்படும் நோயைப்பற்றி, எல்லோரும் கூடியிருக்கும் இவ்வேளையிற் சொல்லாமல் வேறெப்போது சொல்வது?

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மாசி மகத்தன்று மாத்தளை முத்துமாரியம்மன் தேர் வீதிவலம் வந்துகொண்டிருந்தது. வடம் பிடித்து நின்ற என் உள்ளத்திலே, அம்பாளைப்பற்றிச் சொல்லத்தகாத ஓர் எண்ணம் எழுந்தது. நடுங்கிப்போனேன். அன்றுமுதல் நாள்தோறும் நூற்றெட்டு முறை மன்னிப்பு வேண்டினேன். எண்ணிக்கை தவறிற்றோ என்று ஐயம். மறுபடியும் முதலிலிருந்து தொடக்கம். பின்பு கை கழுவுதலும் சேர்ந்துகொண்டது. காலை ஐந்து மணிக்குப் பைப்படிக்குப் போனால் ஏழரைக்குத்தான் திரும்புவேன். "சுத்தந்தானே அம்மா?" என்று இருபது தடவை கேட்பேன். "ஆமாம் ராசா, சுத்தந்தான்" என்று இருபது தடவையும் அம்மா சொல்வார். அவர் அன்பினாற் சொன்னார். நோயோ அதனால் வளர்ந்தது.

நூல் கட்டினோம், நேர்த்தி வைத்தோம். ஆறு ஆண்டுகள் கழிந்தன. படிப்பும் நின்றது. ஈற்றில் அரசாங்க வைத்தியசாலையொன்றின் மனநலப் பிரிவுக்குப் போனேன். "தம்பி, இது பாவமுமன்று, பைத்தியமுமன்று. எண்ணச் சுழற்சி நோய், ஓ.சி.டி. என்போம். இதற்குச் சிகிச்சை உண்டு" என்றார் வைத்தியர். அந்தச் சொல்லைக் கேட்டு அழுதேன்.

இந்நோய் எளிதில் மாறாது என்றே ஒரு காலத்தில் வைத்தியர்களும் கருதினர். 1966இல் லண்டனிலே விக்டர் மேயர் என்னும் உளவியலாளர் இரு நோயாளர்களைப்பற்றி எழுதினார். ஒருவர் ஓயாது கழுவுபவர். மற்றவரைத் தெய்வ நிந்தனை எண்ணங்கள் வாட்டின. அஞ்சிய பொருளை அணுகச் செய்து, அதன்பின் சடங்கைச் செய்யவிடாது தடுத்தார், இருவரும் தேறினர். நம் இலங்கையிற் பிறந்த உளவியலாளர் பத்மால் டி சில்வாவும் ஸ்டான்லி ராக்மன் என்பவரும் 1978இல் வெளியிட்ட ஆய்வோ, இத்தகைய வேண்டாத எண்ணங்கள் நலமுள்ளோர் பெரும்பாலோருக்கும் வருவனவே என்று காட்டிற்று. எண்ணம் வருவது நோயன்று. அதற்கு அஞ்சிச் சடங்கிலே சிக்குவதே நோய்.

எனக்கும் அவ்வழியே சிகிச்சை நடந்தது. அச்சங்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக எழுதினோம். முதலிற் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருந்தேன். நெஞ்சு படபடத்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அது தானே தணிந்தது. மறுநாள் விரைவிலே தணிந்தது. பல வாரங்களின் பின் கோயிலுக்குப் போய், தீய எண்ணம் வந்தபோதும் மன்னிப்பு வேண்டாது, ஒரே முறை கும்பிட்டுத் திரும்பினேன். அம்மாவும், "அதற்குப் பதில் சொல்லமாட்டேன் ராசா, உன் பக்கத்திலே இருக்கிறேன்" என்று சொல்லப் பழகினார். அது அவருக்கும் எளிதாயிருக்கவில்லை.

செர்ட்ராலின், ஃப்ளூஒக்செட்டீன் முதலிய மருந்துகளும் பலருக்கு உதவுகின்றன. அவை முழுப்பயன் தரப் பன்னிரண்டு வாரங்கள் வரை செல்லலாம். இரண்டு வாரத்திற் குணமில்லையென்று நிறுத்துவது தவறு. குறைப்பதும் நிறுத்துவதும் வைத்தியர் சொற்படியே ஆகவேண்டும்.

பெரியோர்களே! ஆசாரம் மனத்துக்கு அமைதி தரும். எத்தனை முறை செய்தாலும் அமைதி தராதது ஆசாரமன்று. அப்படி வாடும் பிள்ளையை ஏசாதீர்கள். அதன் சடங்குக்கும் துணைபோகாதீர்கள். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசாங்க வைத்தியசாலைகளிலே இதற்குக் கட்டணமில்லை. 1926 என்னும் தேசிய மனநல உதவி எண்ணுக்கும் பேசலாம்.

இளைஞர்களே! உங்களுள் ஒருவர் இன்று நான் மறைத்ததுபோல் மறைத்துக்கொண்டிருக்கலாம். அவருக்காகவே இதைச் சொன்னேன். எனக்கு இன்றும் சிலவேளை அவ்வெண்ணம் வரும், வந்தபடியே போகும். கடந்த மாசி மகத்திலும் வடம் பிடித்தேன். ஆறு ஆண்டுகளை நான் இழந்தேன். நீங்கள் ஆறு வாரங்களையும் இழக்கவேண்டாம்.