காதில் தொடங்கும் திகில்



திரைப்படக் கலை பயிலும் பிள்ளைகளுக்கு அடிக்கடி கொடுக்கப்படும் ஒரு பயிற்சி உண்டு. ஒரு திரில்லர் படத்தின் தொடக்கத்தை மட்டும், படப்பெயர் உட்பட இரண்டே நிமிடங்களில் எடுத்துக் காட்ட வேண்டும். முழுக்கதை தேவையில்லை. பார்ப்பவர் எழுந்து போகாமல் அடுத்த நிமிடத்துக்குக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என்ன எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டால், பலர் இருட்டுச் சந்து, பாராங் கத்தி, துரத்தல், ரத்தம் என்றே சொல்வார்கள். தம்பி தங்கைகளே, அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டுச் சத்தத்திலிருந்து தொடங்குங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

தமிழில் இதற்கு நல்ல முன்னோடி இருக்கிறது. 1954இல் ஏவிஎம் தயாரித்த 'அந்த நாள்'. சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த 1943ஆம் ஆண்டில் நடக்கும் கதை. படம் தொடங்கிய சற்று நேரத்திலேயே ஒரு துப்பாக்கிச் சத்தம். கதாநாயகன் சிவாஜி கணேசன் இறந்துவிடுகிறார். சுட்டவர் யார் என்று நமக்குக் காட்டப்படுவதில்லை. மனைவி, தம்பி, தம்பி மனைவி, காதலி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஐந்து பேர்மேல் சந்தேகம் விழுகிறது. ஒரே சத்தம் எழுப்பிய ஒரே கேள்விதான் கடைசிவரை படத்தை இழுத்துச் செல்கிறது. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர், அப்போது அவருக்கு 27 வயது. எந்த இடத்தில் ஒலி வேண்டும், எந்த இடத்தில் மௌனம் வேண்டும் என்று அறிந்த இசைக்கலைஞர் அவர்.

அதற்கும் முன்னால், 1931இல், ஜெர்மனியில் பிரிட்ஸ் லாங் 'எம்' என்ற படத்தை எடுத்தார். அவருடைய முதல் பேசும்படம் அது. பள்ளிவிட்டு வரவேண்டிய மகளுக்காக ஒரு தாய் சாப்பாட்டு மேசையில் தட்டு வைத்துக் காத்திருக்கிறாள். பெயர் சொல்லி அழைக்கும் அவள் குரல் ஆளில்லாத மாடிப்படியில் ஒலிக்கிறது. எங்கோ புல்வெளியில் குழந்தையின் பந்து உருண்டு வந்து நிற்கிறது. கொலை காட்டப்படவே இல்லை. ஆனாலும் நடந்தது என்ன என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. பின்னால் கொலைகாரனை அடையாளம் காண்பவர் பார்வையற்ற பலூன் வியாபாரி. அவன் சீட்டியடிக்கும் மெட்டை அவர் காது மறக்கவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில் தலைக்கு மேல் போகும். கோயில் மணி கேட்கும். கேஎல் சென்ட்ரல் பக்கமிருந்து ரயில் ஓசை வரும். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இருக்கிறது. வெள்ளைக்கோல் தட்டும் ஓசை இந்த வட்டாரத்தின் அன்றாடச் சத்தங்களில் ஒன்று. பார்வையற்றவர்கள் நடத்தும் உடம்புபிடி நிலையங்களும் உண்டு. இவற்றை வைத்து இரண்டு தொடக்கங்கள் சொல்கிறேன்.

முதலாவது. ஓர் உடம்புபிடி நிலையம். மின்விசிறி சுற்றும் சத்தம். எண்ணெய் தடவிய இரண்டு கைகள் ஒரு முதுகில் இயங்குகின்றன. படுத்திருப்பவர் கைப்பேசியில் யாருடனோ சாதாரணமாகப் பேசுகிறார். கைகள் சட்டென்று நிற்கின்றன. "ஏண்ணே, நிறுத்திட்டீங்க?" என்று கேட்கிறார். பதில் இல்லை. கைகள் மறுபடி இயங்குகின்றன, இப்போது மெதுவாக. படத்தின் பெயர் வருகிறது. வாடிக்கையாளரின் முகத்தை நாம் பார்த்துவிட்டோம், உடம்பு பிடிக்கும் பார்வையற்றவர் பார்க்கவில்லை. அந்தக் குரலை முன்பு எங்கே கேட்டார் என்று அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. ஆளுக்குப் பாதி தெரிந்த அந்த நிலையில்தான் திகில் பிறக்கிறது. இங்கே பார்வையற்றவர் பரிதாபத்துக்குரியவர் அல்லர். அந்த அறையில் அதிகம் அறிந்தவர் அவர்தான். இந்தக் காட்சியை எடுப்பதானால், பார்வையற்ற ஒருவரிடம் முதலில் கதையைச் சொல்லிக் கருத்துக் கேளுங்கள். அவரே நடிக்க முன்வந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, ஜாலான் துன் சம்பந்தனில் ஒரு பூக்கடை. தீபக் குமரன் மேனன் 2007இல் 'சலங்கை' படத்தில் பூ விற்கும் தாயின் குடும்பத்தைக் காட்டியது இதே பிரிக்பீல்ட்ஸில்தான். அந்த உலகத்தில் ஒரு மர்மத்தை வைத்துப் பாருங்கள். ஒருவர் வந்து நாளைக் காலைக்கு மலர்வளையம் கேட்கிறார். "பேரு என்ன எழுதணும்?" என்று கேட்கிறாள் பூக்காரம்மா. அவர் சொல்கிறார். அவள் கை நின்றுவிடுகிறது. அது பக்கத்துக் கடைக்காரரின் பெயர். அவர் இரண்டடி தள்ளி நின்று தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருக்கிறார். கத்தியும் ரத்தமும் இல்லாமலே, நாளைக் காலை என்ன நடக்கும் என்ற கேள்வி நம்மைப் பிடித்துக்கொள்கிறது.

கிள்ளானில் இருப்பவர்களுக்குக் கோத்தா பாலம் இருக்கிறது. மேல்தளம் வண்டிகளுக்கு, கீழ்த்தளம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று கட்டிய ஈரடுக்குப் பாலம். கீழே நடப்பவருக்கு மேலே நடப்பது தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். ஒரு திரில்லருக்கு இதைவிட நல்ல இடம் யார் கட்டித் தருவார்கள்?

சரி, எப்படித் திட்டமிடுவது? முதலில், பார்ப்பவர் மனத்தில் எழவேண்டிய ஒரு கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். இரண்டு கேள்வி வந்தால் ஒன்றை அடியுங்கள். அடுத்து, எதைக் காட்டப்போகிறீர்கள், எதை மறைக்கப்போகிறீர்கள் என்று இரண்டு பட்டியல் போடுங்கள். பிறகு கேமரா இல்லாமல் அந்த இடத்துக்குப் போய்க் கேட்கும் சத்தங்களை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். படம் பிடிக்கும் நாளில், யாரும் பேசாத அந்த இடத்தின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டும்போது அதன் அருமை தெரியும். வசனத்துக்கு இன்னொரு கைப்பேசியை நடிகருக்கு அருகில் மறைத்து வையுங்கள். கைப்பேசிக் கேமராவுக்கு இருட்டு ஒத்துவராது, படம் புள்ளி புள்ளியாகிவிடும். ஒலியை நன்றாகப் பதிவு செய்தால் பட்டப்பகலிலும் பயம் வரும்.

கத்தியையும் குண்டர் கும்பலையும் ஏன் ஒதுக்கச் சொல்கிறேன்? அந்தக் கதையைச் சொல்லவே கூடாது என்பதல்ல. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' படம் அதைத்தான் சொன்னது. 2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதும் பெற்றது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில் ஒரு சிறுவன் எப்படி அந்தப் பக்கம் இழுக்கப்படுகிறான் என்ற காரணத்தை அது பொறுமையாகக் காட்டியது. இரண்டு நிமிடத்தில் காரணத்தைச் சொல்ல முடியாது, கத்தியை மட்டும்தான் காட்ட முடியும். நம் இளைஞர்களைக் கத்தியோடு மட்டுமே காட்டும் படங்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கடையிலோ ரயில் நிலையத்திலோ படம் பிடிக்கும் முன் எழுத்தில் அனுமதி வாங்கிக் கொடுங்கள். பொது இடத்தில் பொம்மைத் துப்பாக்கியை நீட்டவிடாதீர்கள். பார்ப்பவர் நிஜமென்று நம்பி 999க்கு அழைப்பார், சட்டமும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாது.

மாணவர்களே, கேமராவைத் தொடும் முன் இதைச் செய்யுங்கள். உங்கள் தொடக்கக் காட்சியை வீட்டில் யாரிடமாவது வாயால் சொல்லுங்கள், பாட்டியிடம் சொன்னாலும் சரி. சொல்லி முடித்ததும் அவர் "அப்புறம்?" என்று கேட்டால் மறுநாளே படப்பிடிப்பைத் தொடங்குங்கள். கேட்காவிட்டால், கேட்கும்வரை கதையை மாற்றுங்கள். அதற்குச் செலவாவது நேரம் மட்டும்தான்.