விக்டோரியாவில் ஒரு நெய்வேலி

(சங்கக் கூட்டத்தில் பேசியது)

மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்து வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள்.

விக்டோரியா ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மாநிலம், தலைநகர் மெல்போர்ன். 1927 வரை அந்த நாட்டு நாடாளுமன்றமே அங்குதான் கூடியது. நகர மையத்தில் டிராமுக்குக் கட்டணம் இல்லை. அதைத் தாண்டினால் மைக்கி அட்டை வேண்டும். டிசம்பரில் கோடை என்றாலும் ஸ்வெட்டர் கட்டாயம். ஊறுகாய், பொடி கொண்டுபோனால் விமான நிலையப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள், அபராதம் பெரிது.

எல்லோரும் போகும் கிரேட் ஓஷன் ரோடுக்கு நானும் போனேன். அழகுதான். ஆனால் மனதில் நின்றது லாட்ரோப் பள்ளத்தாக்கு. கிழக்கே ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம், மோர்வெல்லில் இறங்கினோம். பழுப்பு நிலக்கரி, திறந்தவெளிச் சுரங்கம், பக்கத்திலேயே அனல்மின் நிலையம். நம்ம ஊரேதான்! 2014இல் அங்கே ஹேசல்வுட் சுரங்கத்தில் பிடித்த தீ 45 நாள் எரிந்தது, ஊரெல்லாம் புகை. 2017 மார்ச்சில் அந்த மின்நிலையத்தையே மூடிவிட்டார்கள்.

அருகில் யலோர்ன் என்று ஒரு டவுன்ஷிப் இருந்திருக்கிறது. 1920களில் தொழிலாளர்களுக்காகக் கட்டியது, நம் வட்டங்களைப் போல. அடியில் நிலக்கரி இருந்ததால் 1980களில் ஊரையே எடுத்துவிட்டார்கள். கேட்டதும், நிலம் கொடுத்தவர்கள் இழப்பீட்டுப் பணத்தோடு என் கவுன்டரில் நின்றது ஞாபகம் வந்தது. வைப்புக்கு வட்டி விகிதம் சொன்னேனே தவிர, எந்த ஊர் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.

பிள்ளைகள் தாமாக அங்கே கூட்டிப் போகமாட்டார்கள். நீங்களே கேட்டுப் போய்ப் பாருங்கள்.